விரல்நுனிப் போர்க்களம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், குஜராத் மாநிலத்தின் ராஜ்கோட் நகரில் கல்லூரி மாணவர் உள்ளிட்ட இளைஞர் சிலரைக் காவல்துறை கைது செய்தது. அவர்கள் களவு செய்யவில்லை. எவரையும் அடிக்கவும் இல்லை. கைப்பேசியில் பப்ஜி விளையாடிக்கொண்டிருந்தனர். அவ்விளையாட்டு இளையோரின் நடத்தையையும் கல்வியையும் கெடுக்கிறது என்று கூறி, நகரக் காவல் ஆணையர் சில நாள்களுக்கு முன்புதான் அதற்குத் தடை விதித்திருந்தார். கைதானோர் விரைவிலேயே பிணையில் வெளிவந்தனர். விளையாடியதற்காகக் கைது என்பது இன்று வியப்பளிக்கலாம். ஆனால், அத்தடைக்குப் பின்னிருந்த அச்சம் புதியதன்று. திரையில் கொல்லப் பழகியவன் தெருவிலும் கொல்லத் துணிவான் என்னும் அச்சத்திற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகிறது. அது எவ்வளவு தூரம் மெய் என்பது ஆராயத்தக்கது. அதைவிட, அந்த அச்சம் எவற்றையெல்லாம் கண்ணுக்கு மறைக்கிறது என்பது இன்னும் கூர்ந்து ஆராயத்தக்கது.

அச்சம் பிறந்த கதை

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் எக்சிடி நிறுவனம் 'டெத் ரேஸ்' என்னும் விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரம் அது. ஆடுபவர் கார் ஒன்றை ஓட்டிச் சென்று, திரையில் ஓடும் குச்சி உருவங்களின்மேல் மோத வேண்டும். மோதியதும் ஓர் அலறல் கேட்கும்; உருவம் நின்ற இடத்தில் கல்லறைச் சிலுவை ஒன்று முளைக்கும். இன்றைய கண்ணுக்கு அது சிறுபிள்ளை வரைந்த கறுப்பு வெள்ளைப் படம். மோதப்படுபவை மனிதர்கள் அல்லர், பூதங்களே என்று நிறுவனம் வாதிட்டது. எனினும், அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு மன்றம் கண்டித்தது, செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சிகள் பேசின. அந்தப் பேச்சு விளையாட்டின் புகழைப் பெருக்கியதே தவிரக் குறைக்கவில்லை.

1992இல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' விளையாட்டில் நடிகர்களைப் படம்பிடித்து உருவாக்கிய வீரர்கள் மோதினர், குருதி தெறித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர்கள் சோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் ஆகியோர் விசாரணை நடத்தினர். சட்டம் வந்துவிடுமோ என்று அஞ்சிய விளையாட்டு நிறுவனங்கள், எந்த விளையாட்டு எந்த வயதினர்க்கு உரியது என்று குறிக்கும் அமைப்பை 1994இல் தாமே ஏற்படுத்திக்கொண்டன. இன்று விளையாட்டுகளின் உறையில் காணப்படும் வயதுக் குறியீட்டின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

1999 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் உடன்பயின்றோரையும் ஆசிரியர் ஒருவரையும் சுட்டுக் கொன்று தாமும் மாய்ந்தனர். அவ்விருவரும் 'டூம்' என்னும் சுடும் விளையாட்டில் மூழ்கியிருந்தனர் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. கொல்லப்பட்ட ஆசிரியரின் குடும்பத்தார் உள்ளிட்டோர் விளையாட்டு நிறுவனங்கள்மேல் தொடுத்த வழக்கு 2002இல் தள்ளுபடி ஆயிற்று. ஆனால், மக்கள் மனத்தில் தீர்ப்பு வேறாக இருந்தது. அதன்பின் அமெரிக்காவில் எங்கே ஓர் இளைஞன் துப்பாக்கி எடுத்தாலும், அவன் என்ன விளையாடினான் என்னும் கேள்வியே முதலில் எழலாயிற்று.

இவ்விடத்தில் ஓர் ஆய்வைக் கருதிப் பார்க்கலாம். அமெரிக்க அரசின் இரகசியச் சேவைப் பிரிவினரும் கல்வித் துறையினரும் இணைந்து, 1974 முதல் 2000 வரை அந்நாட்டுப் பள்ளிகளில் நிகழ்ந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்தனர். தாக்கியோர் 41 பேர். அவர்களுள் வன்முறை விளையாட்டுகளில் நாட்டம் காட்டியோர் 12 விழுக்காட்டினர். வன்முறை நிறைந்த நூல்களில் நாட்டம் கொண்டோர் 24 விழுக்காடு. திரைப்படங்களில் 27 விழுக்காடு. தாமே எழுதிய கவிதை, கட்டுரை, நாட்குறிப்பு ஆகியவற்றில் வன்முறையை வெளிப்படுத்தியோர் 37 விழுக்காடு. அந்தக் காலப்பகுதியின் முற்பாதியில் கணினி விளையாட்டுகள் வீடுதோறும் பரவியிருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும், கடைசி எண்ணைக் கடந்து செல்ல இயலாது. அம்மாணவர்கள் தம் உள்ளத்தில் இருந்ததை எழுதியே காட்டியிருந்தனர். அதைப் படித்தவர் இலர். படித்திருந்தால் பொருட்படுத்தியவர் இலர்.

சோதனைக் கூடத்திற்குள்

விளையாட்டு மனத்தை மாற்றுகிறது என்போரின் கருத்துக்கு அடித்தளம் 1961இல் இடப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலார் ஆல்பர்ட் பண்டூரா, மழலைப் பருவத்துப் பிள்ளைகள் 72 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் உதைப்பதையும் சில பிள்ளைகள் பார்த்தனர். பின்னர்த் தனியே விடப்பட்டபோது அவர்களும் அவ்வாறே அடித்தனர். பார்த்துப் பழகுவதே கற்றலின் ஒரு வழி என்பதைக் காட்டிய அச்சோதனை உளவியல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. ஆனால், அந்தப் பொம்மை அடித்தால் சாய்ந்து மீண்டும் நிமிரும் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழத் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போன்றது. தள்ளுவதற்கென்றே செய்த பொம்மையைப் பிள்ளை தள்ளியதைக் கொண்டு, அது நாளை மனிதரையும் தள்ளும் என்று முடிவுகட்டலாமா? இக்கேள்வியை அன்றே சிலர் எழுப்பினர்.

2000ஆம் ஆண்டில் கிரேக் ஆண்டர்சன், கேரன் டில் ஆகிய இருவரும் கணினி விளையாட்டை நேரடியாகச் சோதித்தனர். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்னும் சுடும் விளையாட்டையும், மற்றவர் 'மிஸ்ட்' என்னும் புதிர் விளையாட்டையும் ஆடினர். அதன்பின் நடந்த ஒரு போட்டியில், எதிராளிக்கு உரத்த இரைச்சலைக் கேட்கச் செய்து தண்டிக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்பட்டது. சுடும் விளையாட்டை ஆடியோர், தாம் தோற்ற சுற்றுக்குப் பிறகு, சற்றுக் கூடுதல் நேரம் இரைச்சலை ஒலிக்கச் செய்தனர். இத்தகைய பல ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 1,30,000 பேரைப் பற்றிய தரவுகளுடன் 2010இல் ஆண்டர்சன் குழுவினர் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். வன்முறை விளையாட்டு சீற்ற எண்ணத்தையும் சீற்ற நடத்தையையும் கூட்டுகிறது என்பது அவர்தம் முடிவு.

இந்த முடிவைக் கேட்டவுடன் அஞ்சுவதற்கு முன், என்ன அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இரைச்சல் பொத்தானை அழுத்துவது ஒன்று. அண்டை வீட்டானை வெட்டுவது வேறொன்று. முன்னது சீற்றம், பின்னது குற்றம். சினம் கொள்ளாத மனிதர் அரியர். கொலை செய்யும் மனிதரும் அரியர். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழி நெடியது. வறுமை, வீட்டில் படும் அடி, தனிமை, மனநோய், குடி, கைக்கெட்டும் ஆயுதம் என அவ்வழியில் எத்தனையோ நிறுத்தங்கள் உண்டு. கிறிஸ்டோஃபர் ஃபெர்குசன் முதலான ஆய்வாளர்கள் கேட்டதும் இதுவே. குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்தால், விளையாட்டின் பங்கு ஏறத்தாழ மறைந்தேபோகிறது என்றனர்.

அமெரிக்க உளவியல் சங்கம் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. 2015இல் அதன் குழு, வன்முறை விளையாட்டுக்கும் சீற்றத்திற்கும் தொடர்பு உண்டு என்றது. குற்ற வன்முறைக்கு அதுவே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. 2020இல், வன்செயல்களுக்கு விளையாட்டைக் காரணமாகக் காட்டுவது சரியன்று என்று மீண்டும் வலியுறுத்தியது. இதற்கிடையே ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு படி மேலே சென்றனர். சில நிமிடங்கள் ஆடவைத்து அளப்பதை விடுத்து, பெரியவர்கள் 77 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு இரண்டு மாதம் நாள்தோறும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' ஆடியது. ஒரு குழு வன்முறையற்ற 'சிம்ஸ் 3' ஆடியது. மூன்றாம் குழு எதையும் ஆடவில்லை. முன்னும் பின்னும் அளந்தபோது சீற்றத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதினர் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஆராய்ந்தனர். எதை எவ்வாறு அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுத் தொடங்கினர். பிள்ளையின் நடத்தையைப் பற்றிப் பிள்ளையிடம் கேளாமல் பெற்றோரிடம் கேட்டனர். அங்கும் தொடர்பு வெளிப்படவில்லை.

ஆண்டர்சன் தரப்பின் மறுமொழி ஒன்று உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விளைவு சிறிதாயினும், கோடிக்கணக்கானோர் ஆடும்போது சிறிதும் பெரிதாகாதா என்பதே அது. ஆனால், அவ்வாறு பெருகியிருந்தால் நாட்டின் குற்றக் கணக்கில் எங்கேனும் தலைகாட்டியிருக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவில் விளையாட்டு விற்பனை மேன்மேலும் ஏறியது. அதே காலத்தில் இளையோரின் வன்குற்றங்கள் பெரிதும் இறங்கின. விளையாட்டே குற்றத்தைக் குறைத்தது என்று இதிலிருந்து சொல்வோரும் உளர். அது மறுபக்கத்து அவசரம். ஜப்பானியரும் தென் கொரியரும் விளையாட்டில் எவர்க்கும் சளைத்தவர் அல்லர்; துப்பாக்கிக் கொலைகளோ அங்கு மிக அரிது.

தவறிய விழி

பழியை விளையாட்டின்மேல் போடுவதால் என்ன கெட்டுவிடும்? விளையாட்டு நிறுவனம் சற்று நட்டப்பட்டால் உலகம் அழிந்துவிடுமா என்று கேட்கலாம். இதற்கு விடை வர்ஜீனியாவில் இருக்கிறது.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். கொன்றவன் யார் என்பது தெளிவாவதற்கு முன்பே, தொலைக்காட்சியில் கருத்துரைத்தோர் சிலர் விளையாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். அம்மாநில ஆளுநர் அமைத்த குழு பின்னர் முழுமையாக விசாரித்தது. அவன் வன்முறை விளையாட்டுகளில் மூழ்கியவன் அல்லன் எனத் தெரியவந்தது. சிறுவயதில் அவன் ஆடியது 'சோனிக்' போன்ற எளிய விளையாட்டுகளையே.

அப்படியானால் உண்மையில் நடந்தது என்ன? இளமை முதலே அவன் பிறருடன் பேசமுடியாமல் துன்புற்றவன். அவனுடைய எழுத்துகளைக் கண்டு பேராசிரியர்கள் கலங்கினர். 2005 டிசம்பரில், அவன் தனக்கே தீங்கு செய்துகொள்ளக்கூடியவன் என்று நீதித்துறை அலுவலர் ஒருவர் முடிவுசெய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுமாறு ஆணையிட்டார். அவன் சிகிச்சை பெற்றானா என்று பார்த்தவர் இலர். ஒரு துறைக்குத் தெரிந்தது மறுதுறைக்குச் சொல்லப்படவில்லை. கூட்டாட்சிச் சட்டப்படி அத்தகைய ஆணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால், வெளிநோயாளிக்கான ஆணை என்பதால் அது தடைப்பட்டியலுக்குச் செல்லவே இல்லை. அவன் கடைக்குச் சென்று, கேட்ட படிவத்தை நிரப்பி, முறைப்படியே துப்பாக்கி வாங்கினான்.

இந்த ஓட்டை கண்டறியப்பட்டபின் சில வாரங்களுக்குள்ளேயே அம்மாநிலம் தன் நடைமுறையை மாற்றியது. 2008 ஜனவரியில், இத்தகைய தகவல்களை மாநிலங்கள் அனுப்ப ஊக்குவிக்கும் சட்டம் அமெரிக்காவில் நடப்புக்கு வந்தது. விளையாட்டையே திட்டிக்கொண்டிருந்திருந்தால், அந்த ஓட்டை எவர் கண்ணிலும் பட்டிருக்காது. தவறான விடை தீங்கற்றது போலத் தோன்றும். சரியான கேள்வி உட்கார வேண்டிய இருக்கையை அது பிடித்துக்கொள்கிறது. விளையாட்டைப் பழிப்பது பெரியவர்களுக்கு எளிது. ஏனெனில், பெரும்பாலும் அவர்கள் அதை ஆடுவதில்லை.

நீதிமன்றத்தில்

2005இல் கலிஃபோர்னியா மாநிலம், 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு வன்முறை விளையாட்டுகளை விற்றால் ஆயிரம் டாலர் வரை தண்டம் என்று சட்டம் இயற்றியது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர். சண்டைப் படங்களில் துப்பாக்கி ஏந்தியே உலகப் புகழ் பெற்றவர்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஜூன் 27 அன்று, ஏழுக்கு இரண்டு என்னும் கணக்கில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா, குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கிரிம் சகோதரர்களின் கதைகளை நினைவூட்டினார். அக்கதைகளில் இரு சிறார் ஒரு கிழவியை அடுப்பில் தள்ளிக் கொல்கின்றனர். பொல்லாத சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துகின்றன. மலிவுவிலை நாவல், திரைப்படம், வானொலி நாடகம், சித்திரக்கதை என ஒவ்வொன்றும் வந்த காலத்தில் இளைஞரைக் கெடுப்பதாகப் பழி சுமந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோவோ, காரணத்தில் உடன்படவில்லை. நூலைப் படிப்பதும், திரையில் தானே ஒருவனாகி ஆயுதம் ஏந்துவதும் ஒரே அனுபவமாக இராமல் போகலாம். புதிய கருவியைப் பழையதன் அளவுகோலால் விரைந்து அளந்துவிடக் கூடாது என்றார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர், பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு ஆபாசப் படம் விற்பதைச் சட்டம் தடுக்கலாம் என்றால், ஒரு பெண்ணைக் கட்டிவைத்து வதைத்துக் கொல்லும் விளையாட்டை விற்பதைத் தடுக்கக் கூடாதா என்று வினவினார்.

பிரையரின் வினா கூர்மையானது. குற்றம் விளைகிறது என்று மெய்ப்பிக்க முடியாவிட்டாலும், ஒன்றைச் சிறுவர்க்கு உகந்ததன்று என்று சொல்லப் பெரியவர்களுக்கு உரிமை உண்டு. மிளகாய்ப் பொடியைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்பதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை. வயதுக் குறியீட்டின் பயன் அவ்வளவே. ஆனால், எட்டாமல் வைப்பது வேறு. ஆடியவனைக் கொலைகாரனின் வரிசையில் நிறுத்துவது வேறு. பெரும்பாலான பொது விவாதங்கள் இவ்விரண்டையும் குழப்பியே நடக்கின்றன.

தோல்வியின் சினம்

இனி, வீட்டில் நடப்பதைப் பார்க்கலாம். ஆட்டத்தில் தோற்ற பிள்ளை கைப்பேசியை மெத்தையில் எறிகிறான். சாப்பிட அழைத்த தாயிடம் எரிந்து விழுகிறான். "பார், விளையாட்டு இவனை முரடனாக்கிவிட்டது" என்று பெற்றோர் வருந்துகின்றனர். அவர்கள் கண்டது பொய்யன்று. காரணத்தைத்தான் சரியாகக் காணவில்லை.

கனடாவின் பால் அடாச்சி, டீனா வில்லபி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறையையும் போட்டியையும் பிரித்துப் பார்த்தனர். போட்டித்தன்மை ஒத்ததாயின், வாளால் வெட்டும் விளையாட்டும் கார்ப் பந்தய விளையாட்டும் சீற்றத்தில் வேறுபடவில்லை. சீற்றத்தைக் கூட்டியது போட்டியே என்பது அவர்கள் கண்ட முடிவு. 2014இல் ஆன்ட்ரூ ஷிபில்ஸ்கி குழுவினர் இன்னும் ஒரு படி நுணுகினர். ஒரு சுடும் விளையாட்டையே இரண்டு விதமாக மாற்றி அமைத்தனர்: ஒன்றில் எதிரி குருதி சிந்தி வீழ்வான்; மற்றொன்றில் தொட்டவுடன் மறைந்துபோவான். இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, ஆடும் முறையைக் குழப்பி வெல்ல முடியாதபடி செய்தபோது, குருதியே இல்லாத 'டெட்ரிஸ்' கட்ட விளையாட்டிலும் ஆடியவர்க்குச் சினம் மூண்டது.

தன்னால் முடியவில்லையே என்னும் இயலாமையே அங்குச் சினமாகிறது. தெருக்கோடிக் கிரிக்கெட்டில் மட்டை வைத்திருப்பவன் தான் ஆட்டமிழக்கவில்லை என்று மல்லுக்கு நிற்பதும், கேரம் பலகை கவிழ்க்கப்படுவதும் இதே சினத்தால்தான். ஆனால், தெருவில் மூண்ட சண்டைக்குத் தெருவிலேயே முடிவு உண்டு. எதிராளி கண்முன் நிற்கிறான். மாலையில் அவனோடுதான் வீடு திரும்ப வேண்டும். இணையவழி ஆட்டத்தில் எதிராளிக்கு முகம் இல்லை. ஒலிவாங்கியின் வழியே வரும் வசவு மட்டும் உண்டு. ஆட்டம் முடிந்த நொடியிலேயே அடுத்த ஆட்டம் காத்திருக்கிறது. சினம் ஆறுவதற்குள் அதையும் ஆடித் தோற்கலாம். இரவு இரண்டு மணி ஆனாலும் போதும் என்று சொல்பவர் எவரும் அந்த அரங்கில் இல்லை.

உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் விளையாட்டு தொடர்பான ஒரு கோளாறு இடம்பெற்றிருக்கிறது. எவ்வளவு நேரம் ஆடுவது என்பதைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற வேலைகள் அனைத்தையும்விட விளையாட்டை முன்வைத்தல், தீங்கு நேர்வது தெரிந்தும் தொடர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். குருதியோ துப்பாக்கியோ அந்த வரையறையில் இல்லை. மிட்டாய்களை அடுக்கும் விளையாட்டாலும் ஒருவர் அந்நிலைக்கு ஆளாகலாம்.

இந்திய அரசு 2020 செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடைசெய்தபோது சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்புமே, வன்முறை அன்று. அடுத்த ஆண்டு அவ்விளையாட்டு இந்தியாவுக்கென வேறு பெயரில் திரும்பி வந்தது. அதில் சுடப்பட்டவரின் குருதி சிவப்பாகத் தெறிக்காமல் பச்சையாகத் தெறித்தது. 18 வயதுக்கு உட்பட்டோர் ஆடப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்குமேல் ஆட முடியாது என்றும் விதிகள் சேர்க்கப்பட்டன. நாளிதழ்கள் பெரிதாக எழுதியது பச்சைக் குருதியைப் பற்றி. மேற்கண்ட ஆய்வுகளைக் கொண்டு பார்த்தால், அம்மாற்றங்களுள் ஓரளவு பயன் தரக்கூடியது நேர வரம்பு ஒன்றுதான். அதுவும், பிறந்த ஆண்டை மாற்றிப் பதிவுசெய்யத் தெரிந்த சிறுவனிடம் செல்லாது. அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது; அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியும்.